வாத்துக்கால் சூப்பும் ஒரு புள்ளியும்

லரிபா ஊர் ரக்பி மைதானத்தில் பழைய மரக் கேலரி ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில், தலையைக் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் லுசெட் கஸ்தானின் சலவை அறை. மூன்று மெஷின், ஒரு சிமெண்ட் தொட்டி, நாலு கூடை, ஒரு முக்காலி. அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷமாக லரிபா கிளப்பின் சட்டைகளை அவள்தான் துவைக்கிறாள்.

இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பாதி ஆட்டத்தில் சேறும் ரத்தமுமாகச் சட்டைகள் வந்து விழும். ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் குளிர்ந்த தண்ணீரில் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கறை போகாது. அதை விட்டுவிட்டு யார் போய் ஆட்டம் பார்ப்பது? ஆனால் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தலைக்கு மேலே ஆறாயிரம் பேருடைய கால் இருக்கிறதே. நம்மவர்கள் முன்னேறினால் பலகைகள் மழை பெய்கிற மாதிரிச் சடசடக்கும். எதிரி முன்னேறினால் செருப்புகள் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்கும். யாராவது கோல் கம்பத்தைப் பார்த்துப் பந்தை வைத்து உதைக்கப் போகிறான் என்றால் ஒரு சத்தமும் இருக்காது. உதைக்கிறவன் எதிரியாக இருந்தாலும் அந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. லரிபாவில் அது மரியாதை.

ஆட்டம் முடிந்த பிறகு மிச்சக் கதையைச் சட்டைகள் சொல்லும். "பதினாலாம் நம்பர் இன்னைக்கு ஊர்வலம் போயிருக்கான்" என்பாள், மண் படாத சட்டையைத் தூக்கிப் பிடித்து. அந்தப் பையன் மூன்று நாள் அவள் கண்ணில் படாமல் சுற்றிப் போவான். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோள் கோத்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் முன்வரிசையில் நிற்கிறவன் சட்டையை அவளுக்குப் பார்க்கவே வேண்டாம், தொட்டாலே போதும். காலர் முறுக்கிக்கொண்டு கிடக்கும், தோள் தையல் வாய் பிளந்திருக்கும், காது உரசின ரத்தம் ஒரு கோடு போட்டிருக்கும்.

அவளுக்கு அது பரம்பரைச் சொத்து. அவள் அப்பா ஃபெர்னான் முன்வரிசையின் நடுவில் நின்றவர். அம்மாவின் தம்பி ஒமேர், பல்லில்லாத ஒமேர் என்றால் இன்றைக்கும் பழைய ஆட்களுக்குத் தெரியும். அவள் அண்ணன் ரெஜிஸ் மூன்றாம் நம்பர், முன்வரிசையின் வலதுபுறத் தூண். ஆறரை அடி. அவன் பதினெட்டு வயதில் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்துவிட்டு, பெரியம்மா மகன் ப்ரோஸ்பேர், தச்சு வேலைக்காரன், ஓக் மரத்தில் ஏழடிக்குக் கட்டில் செய்து கொடுத்தான். லுசெட்டுக்கு இரண்டு சம்பந்தம் வந்தது, இரண்டும் தட்டிப்போனது. ரெஜிஸுக்கு வரவே இல்லை. அண்ணனும் தங்கையுமாக அப்பா வீட்டிலேயே காலத்தை ஓட்டினார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் நோய் வந்து ரெஜிஸ் போய்ச் சேர்ந்தான். கட்டில் மட்டும் மிஞ்சியது. சாதாரண ஆள் அதில் படுத்தால் தொலைந்துபோன மாதிரி இருப்பான். வெட்டிக் குறைக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தக் கட்டிலில்தான் மால்காஸ் வந்து படுத்தான்.

மால்காஸ் ஜார்ஜியாக்காரன். முப்பத்தொரு வயது. ரெஜிஸ் நின்ற அதே மூன்றாம் நம்பர். குத்தைசி ஊரில் பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும். லரிபாவுக்கு வந்த முதல் நாலு வருஷம் ஆற்றங்கரையில் தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருந்தான். அப்புறம்தான் கூரைச் சங்கதி வந்தது.

மேல்பிரிவில் ஆடுகிற எல்லாக் கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. மொத்த ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று லீக் போட்ட வரம்பு. ஊரில் அதைக் கூரை என்பார்கள். பணக்கார நகரத்துக் கிளப்புகளுக்கு அந்தக் கூரை தலையில் இடிக்கும். லரிபா மாதிரிப் பதினோராயிரம் பேர் உள்ள ஊருக்கு அது வானம் மாதிரி, எட்டிப் பார்க்கக்கூட முடியாது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளப் நஷ்டத்தில் போனதும், லீக் லரிபாவுக்கு மட்டும் தனியாக ஒரு தாழ்ந்த கூரை போட்டது. "மத்தவன் கூரையில விளக்குத் தொங்குது, நம்ம கூரையில நம்ம தலை தொங்குது" என்றார் கிளப் தலைவர் லபார்த். ட்ராக்டர் விற்கிற மனுஷன், வாய் பெரிசு.

லபார்த் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறவன் இருக்கலாம், மற்றவன் போகலாம் என்றார். ஒன்பது பேர் போனார்கள். மால்காஸ் இருந்தான். குறைந்த சம்பளத்தில் வீட்டுக்கும் அனுப்பி, ஃப்ளாட் வாடகையும் கட்ட முடியவில்லை. மைதானத்துக்குப் பின்னால் நிறுத்திய பழைய வேனில் படுக்கிறான் என்று லுசெட்டுக்கு அவன் போர்வையைத் துவைக்கும்போதுதான் தெரிந்தது. டீசல் வாசனை.

"வேன்லயா தூங்குறே?"

"நல்ல வேன்தான் அத்தை." கிளப்பில் எல்லோருமே அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காலை எங்க நீட்டுறே?"

"ஜன்னல் வழியா."

"இன்னைக்கே மூட்டையைக் கட்டிக்கிட்டு வா. எங்கிட்ட ஏழடிக் கட்டில் ஒண்ணு சும்மா கிடக்கு."

வாடகை என்ற பேச்சே எழவில்லை. அவன் ஒரு தடவை மேஜைமேல் இருநூறு யூரோவை வைத்தான். அவள் அதை எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்து, பையைத் தையல் போட்டுத் தைத்துவிட்டாள். அப்புறம் அவன் வைக்கவில்லை. விறகு பிளந்தான், தோட்டத்தில் வெங்காயமும் முட்டைக்கோஸும் போட்டான். திங்களும் வியாழனும் அடுப்பை அவனிடம் விட வேண்டும் என்று அடம் பிடித்தான். பாலாடைக்கட்டி அடைத்த தன் ஊர் ரொட்டியைச் சுட்டு, ஓரத்தைப் பிய்த்து முதலில் அவளுக்குத் தருவான். மற்ற நாளெல்லாம் அவள் ராஜ்யம். முட்டைக்கோஸும் பீன்ஸும் வாத்துக்காலும் போட்டு மூன்று மணி நேரம் கொதித்த சூப். ஒரு வருஷத்தில் வீட்டுக்குள் மறுபடியும் கால் சத்தம் வந்துவிட்டது. அவளுக்கு அது போதும்.

ஒரே ஒரு முள் இருந்தது. மால்காஸின் ஒப்பந்தம் கிளப் மேல்பிரிவில் இருக்கிற வரைக்கும்தான். சீசன் முடிவில் கடைசி இடத்தில் நிற்கிற கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். லரிபா இறங்கினால் அந்தத் தாள் செல்லாது. அவன் எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான். அதனால் ஆறாயிரம் பேரும் கிளப் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டபோது, கேலரிக்கு அடியில் இருந்தவள் கட்டில் காலியாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இரண்டும் ஒரே வேண்டுதல்தான்.

ஏப்ரல் மாசம் லீக்கிலிருந்து கார்னியே என்று ஒரு கணக்குப் பார்க்கிறவர் வந்தார். மெலிந்த ஆள், சாம்பல் கோட்டு, மூக்கில் ஜலதோஷம். அதற்கு முதல் நாள் லபார்த் சலவை அறைக்கு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே குனிந்து நின்றார்.

"லுசெட், நாளைக்கு ஒருத்தர் வருவார். மால்காஸைப் பத்திக் கேட்பார். சாதாரணமா வாடகைக்குக் குடியிருக்கிறவன்னு சொல்லு. அதுக்கு மேல பேசாதே."

"ஏன், அவன் என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. நீ பேசாம இரு, அது போதும்."

"நான் என்ன பண்ணினேன்?"

"ஐயோ, யாரும் ஒண்ணும் பண்ணல!" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன விஷயம் என்று விவரமாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம். கிளப் கூரைக்குக் கீழே வெறும் ஏழாயிரம் யூரோ இடைவெளியில் நிற்கிறது என்றும், கிளப்பில் சம்பளம் வாங்குகிறவள் ஆட்டக்காரனுக்கு இலவசமாக எதைக் கொடுத்தாலும் அதுவும் அவன் சம்பளமாகத்தான் எண்ணப்படும் என்றும், ஒரு சலவைக்காரியிடம் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்துவிட்டார்.

லுசெட் ராத்திரி முழுக்க யோசித்து வேறு ஒரு முடிவுக்கு வந்தாள். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். கஸ்தான் வீட்டில் அந்தப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள், ஓட்டை அறையைக் கொடுத்துக் காசு பிடுங்குகிறாள் என்று எவளோ பேசியிருக்கிறாள். பேக்கரிக்கார மோனிக்தான் பேசியிருப்பாள். அவளுடைய அம்மாவுக்கும் லுசெட்டின் அம்மாவுக்கும் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் தகராறு, நாற்பத்தெட்டு வருஷமாகிறது, இன்னும் ஆறவில்லை.

ஆகவே கார்னியே வந்தபோது லுசெட் தயாராக இருந்தாள். முக்காலியைத் துடைத்துப் போட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன அடுப்பில் சூப் பானை.

"அம்மா, மால்காஸ் உங்க வீட்டுல எவ்வளவு வாடகை தர்றார்?"

"வாடகையா? என் மேஜையில சாப்பிடறவன்கிட்ட நான் வாடகை வாங்குவேன்னு உங்ககிட்ட யார் சொன்னது? ஒரு காசு வாங்கினதில்லை. எழுதிக்குங்க."

கார்னியே எழுதினார். "சாப்பாடும் நீங்கதானா?"

"பின்னே? காலையில ஆறு முட்டை. பன்றிக்கறி இருந்தா அதுவும். மதியம் கிளப்ல சாப்பிடறான், அது என்ன சாப்பாடு, நாய்கூடத் தொடாது. சாயங்காலம் என் கையால. வாத்துக்கால் ஒண்ணு இல்ல, ரெண்டு. ஞாயித்துக்கிழமை வாத்து ஈரல். கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பினேன், அதையும் போட்டுக்குங்க. வாத்து ஈரல், எட்டு ஜாடி."

"எட்டு..."

"எட்டு. எழுதிட்டீங்களா? அவன் துணியெல்லாம் இங்கேயே துவைச்சுடுவேன். கம்பளிச் சாக்ஸ் நாலு ஜோடி பின்னிக் குடுத்தேன். கட்டில் ஓக் மரம். ஊர்ல எவ வீட்டுல இப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க பார்ப்போம்!"

கதவுக்கு வெளியே நின்ற லபார்த் நெற்றியைக் கேலரித் தூணில் முட்டிக்கொண்டது உள்ளே கேட்டது. யாரோ பலகை தட்டுகிறார்கள் என்று லுசெட் நினைத்தாள்.

"உங்களுக்கு ஜலதோஷம்" என்று சொல்லி அவருக்கும் ஒரு கிண்ணம் சூப் ஊற்றினாள். அவர் வேண்டாம் என்றார். அப்புறம் குடித்தார். கிண்ணத்தைச் சாய்த்து அடிவரைக்கும் குடித்தார். போகும்போது அவள் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். எதற்கென்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. அறை, கட்டில், முட்டை, வாத்து, எட்டு ஜாடி, நாலு ஜோடி சாக்ஸ், எல்லாவற்றுக்கும் விலை போட்டிருந்தது. லரிபா கூரையைத் தாண்டி இரண்டாயிரத்துச் சொச்சம் யூரோ மேலே நின்றது. தண்டனையாக லீக் பட்டியலில் ஒரு புள்ளி கழிவு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: விசாரணைக்கு வந்தவர் தானும் ஒரு கிண்ணம் சூப் பெற்றுக்கொண்டார், மதிப்பு ஆறு யூரோ.

லபார்த் அதை வாசித்துக் காட்டியதும் லுசெட்டுக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஆறு யூரோவா? அந்த சூப்பா?" என்றாள். அப்புறம் லபார்த்தின் முகத்தைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொன்னதாலயா?"

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே லுசெட்."

"நீ ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எங்கிட்ட."

லபார்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குனிந்து வெளியே போனார்.

சனிக்கிழமைச் சந்தையில் கறிக்கடை ஜாஸ்மான் சிரித்துக்கொண்டே கேட்டான்: "ரெண்டு வாத்துக்காலா அத்தை? அதுக்கு எத்தனை புள்ளி ஆகும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை, அவன் பாட்டனும் லுசெட்டின் அப்பாவும் ஒன்றாக ஆடினவர்கள். ஆனாலும் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு வெறும் உருளைக்கிழங்கு.

மால்காஸ் தட்டைப் பார்த்தான். "வாத்து எங்க போச்சு?"

"பறந்து போச்சு."

அவன் பாதி தின்றான். பிறகு, "நான் வேனுக்கே போயிடறேன் அத்தை. இனிமேலாவது கணக்கு ஏறாது" என்றான்.

"போன புள்ளி திரும்பி வருமா?"

"வராது."

"அப்போ உக்காந்து சாப்பிடு."

கடைசி ஆட்டம் ஜூன் முதல் சனிக்கிழமை, மதியம். எதிரி ரோஷ்பெல், கடற்கரை ஊர். இதில் பாருங்கள், லரிபாவும் ரோஷ்பெல்லும்தான் பட்டியலில் அடிமட்டம். இரண்டு பேருக்கும் பட்டியலில் சமமான புள்ளி இருந்தது. முதல் சுற்றில் ரோஷ்பெல்லை அவர்கள் ஊரிலேயே ஜெயித்ததால், இந்த ஆட்டம் சமனில் முடிந்தால்கூட லரிபா பிழைத்திருக்கும். இப்போது ஒன்று கழிந்துவிட்டது. சமன் போதாது. ஜெயித்தே ஆக வேண்டும். இது ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். லுசெட்டுக்கு முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் அறையில் கண்டபடி வேலை செய்தாள். தொட்டியை இரண்டு தடவை தேய்த்தாள். மேலே கால்கள் சடசடத்தன, நின்றன, மறுபடியும் சடசடத்தன. பாதி ஆட்டத்தில் சட்டைகள் வந்தன. மூன்றாம் நம்பர் சட்டையில் இரண்டு தோளும் கிழிந்திருந்தது, ஒரு தோள் கிழிவதே வழக்கம். அதைத் தண்ணீரில் போடாமல் சற்று நேரம் மடியில் வைத்திருந்தாள்.

இரண்டாம் பாதியில் கடைசிக்குப் பக்கத்தில் பலகைகள் அப்படி ஒரு ஆட்டம் ஆடின, மேலேயிருந்து தூசு தொட்டிக்குள் விழுந்தது. "தள்ளு, தள்ளு" என்று ஆறாயிரம் தொண்டை. ஸ்க்ரம் முன்னே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தான் எப்போது எழுந்து நின்றாள் என்பது மட்டும் தெரியவில்லை. பிறகு பெரிய இரைச்சல். லரிபா மூன்று புள்ளி முன்னே.

பிறகு செருப்புகள் தேய்க்கிற சத்தம். ரொம்ப நேரம். நடுவர் ஊதின ஊதல். அப்புறம் ஒன்றுமில்லை.

உதைக்கப் போகிறார்கள். அவர்கள். பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி.

மெஷின்கூட அந்த நேரம் பார்த்துச் சுற்றி முடித்து நின்றுவிட்டது. லரிபாவில் ஒருத்தன் ஊளையிட்டிருந்தால், ஒரே ஒருத்தன் விசிலடித்திருந்தால், அந்தப் பையன் கால் தடுமாறியிருக்குமோ என்னவோ. ஒருத்தரும் செய்யவில்லை. கேலரி மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரிக்கு மரியாதை செய்தது. மைதானத்தின் தூரத்து மூலையில், வெளியூர்க்காரர்கள் நிற்கிற இடத்தில், சின்னதாக ஒரு ஆரவாரம் எழுந்தது.

சமன்.

மேலே ஒரு காலும் நகரவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லுசெட் தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, திட்டுகிற சத்தம் வரட்டும் என்று காத்திருந்தாள். ஒற்றைக் கால் பலகையைத் தட்டியது. மெதுவாக. பிறகு பத்து, நூறு, அப்புறம் எல்லாக் காலும் ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தன. முப்பத்தொரு வருஷத்தில் அவள் கேட்டிராத சத்தம் அது. தோற்காமலே கீழே போகிற பிள்ளைகளை ஊர் அப்படித்தான் அனுப்பிவைத்தது.

வழக்கமாகச் சட்டைகளைச் சுமந்து வருகிறவன் அன்றைக்கு வரவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்து, அவரவர் சட்டையை அவரவரே கூடையில் போட்டார்கள். சிலபேர் அவள் கன்னத்தில் முத்தம் வைத்தார்கள். பதினாலாம் நம்பர் தன் சட்டையை விரித்துக் காட்டினான், "பாருங்க அத்தை, முழுக்க மண்ணு" என்று. அவன் அழுதுகொண்டிருந்தான்.

கடைசியாக மால்காஸ். பக்கவாட்டில் திரும்பித்தான் அந்தக் கதவில் அவனால் நுழைய முடியும்.

"சமன்" என்றான்.

"காதுல கேட்டுச்சு."

"ஸ்க்ரம்ல ஒரு அடிகூடப் பின்னால போகல அத்தை."

"அதுவும் தெரியும். சட்டை சொல்லிச்சு." அவள் அவன் சட்டையை வாங்கிக்கொண்டாள். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இந்நேரம் நீங்க எல்லாம் தோள்மேல ஏறி ஆடிக்கிட்டு இருப்பீங்கடா."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். அது முனகியது. "என்னை அரைவயித்துக்குப் போடறேன்னு நீங்க அவர்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னு வைங்க, நான் என்னிக்குமே உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன். ஊர்ல என் பெண்டாட்டிக்கு அந்தத் தாளை ஃபோன்ல படிச்சுக் காட்டினேன். எட்டு ஜாடி, நாலு ஜோடி சாக்ஸ்னு எல்லாத்தையும். அழுதுட்டா. 'இவ்வளவு நாளா நீ நல்லாச் சாப்பிடறேன்னு சொன்னப்பல்லாம் பொய்னு நெனச்சேன், இப்பத்தான் முத்திரை போட்ட காகிதம் வந்திருக்கு'ன்னா."

அதற்கு லுசெட் சிரித்தாளா அழுதாளா என்று சொல்வது கஷ்டம். இரண்டும்தான்.

ஒப்பந்தம் செல்லாமல் போனது. செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய நகரத்துக் கிளப் அவனைக் கூப்பிட்டது. லுசெட் ஏழு சட்டை இஸ்திரி போட்டுப் பையில் அடுக்கினாள். ரயில் நிலையத்துக்குப் போகவில்லை, தொட்டியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். தொட்டியில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலின் விரிப்பை உருவி எடுத்தாள். மடிக்க மனசு வராமல் நாற்காலிமேல் போட்டு வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் வாசலில் பை விழுகிற சத்தம்.

"என்னடா, அதுக்குள்ள?"

"ஃப்ளாட் நல்லா இருந்துச்சு அத்தை. கடல்கூடத் தெரியுது."

"அப்புறம்?"

"கட்டில் சின்னது."

"விளையாடாதே. பெண்டாட்டி புள்ளைங்களை நெனைச்சுப் பேசு. சம்பளம்?"

அப்போதுதான் அவன் சொன்னான். அந்தக் கிளப் கூரை இடிக்கிற அளவுக்கு நாலு நட்சத்திர ஆட்டக்காரர்களை வாங்கிவிட்டது. அவர்களுக்குக் கொடுத்து மிஞ்சின இடுக்கில்தான் முப்பத்தொரு வயது முன்வரிசைக்காரனுக்குச் சம்பளம். கூட்டிக் கழித்தால் லரிபா கீழ்ப்பிரிவில் கொடுக்கிறதைவிட மாசம் நூறு யூரோதான் அதிகம். "அந்த நூறு யூரோவுக்கு அங்க ஒரு வாத்துகூட வராது. வழியில இறங்கி லபார்த்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வர்றேன். ரெண்டு வருஷம். மேல போனாலும் கீழ கிடந்தாலும் செல்லும்னு எழுத வச்சேன்."

லுசெட் அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டாள். முகத்தை அவனுக்குக் காட்ட அவள் விரும்பவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். "மாசம் முந்நூத்தி ஐம்பது யூரோ வாடகை. நீங்க கையெழுத்துப் போடணும்."

"எடு அதை."

"அத்தை..."

"எடுன்னு சொன்னேன். பையைத் தைச்சேனே, மறந்துட்டியா? இந்தத் தடவை வாயைத் தைப்பேன்."

"இன்னொரு புள்ளி போச்சுன்னா?"

கீழ்ப்பிரிவிலும் கூரை உண்டு, கார்னியேக்களும் உண்டு. அவள் உட்கார்ந்தாள், கண்ணாடியைப் போட்டாள், பேனாவை நாக்கில் தொட்டு, விஷம் குடிக்கிறவள் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அதே சூட்டோடு எழுந்து போய் லீக் தாளில் இருந்த நம்பருக்கு ஃபோன் செய்தாள்.

"கார்னியே ஐயாவா? லரிபாவிலேர்ந்து லுசெட். ஜலதோஷம் போச்சா? நல்லது. இங்க பாருங்க, வாடகை வாங்குறேன், ரசீது இருக்கு. சாப்பாடு அஞ்சு நாள் நான் போடறேன், காய்கறி அவன் தோட்டத்துது. திங்களும் வியாழனும் அவன் சமைக்கிறான், நான் உக்காந்து சாப்பிடறேன். அதை நீங்க முன்னாடி கேக்கவும் இல்ல, எழுதவும் இல்ல. அவன் ரொட்டிக்கு என்ன விலை போடுவீங்க? எனக்கு எவ்வளவு சம்பளம் ஏறும்?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"அதுக்கு எங்க விதியில இடமில்லம்மா."

"அப்படின்னா விடுங்க. இன்னொண்ணு. அந்த சூப் ஆறு யூரோ இல்ல."

"இல்லம்மா. தெரியும்."

அன்றைக்கு வியாழக்கிழமை. மால்காஸ் ஏற்கெனவே மாவு பிசைந்துகொண்டிருந்தான். லுசெட் நாற்காலிமேல் கிடந்த விரிப்பை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் விரித்தாள்.

முதல் மாச வாடகையை அவன் எண்ணி வைத்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக, அந்த ஓக் கட்டிலைச் செய்த ப்ரோஸ்பேரின் பட்டறைக்குப் போனாள். எழுபத்தாறு வயதாகிறது அவனுக்கு, இன்னும் உளியைக் கீழே வைக்கவில்லை. மறுநாளே அளவுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டான். நீளக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த இடத்தை அளந்து, "ரெண்டு சின்னக் கட்டில் தாராளமாப் போடலாம். ஆகஸ்டுல லீவுக்கு வர்றாங்களா? பிள்ளைங்க எவ்வளவு உயரம்?" என்று கேட்டான்.

லுசெட்டுக்குத் தெரியாது. மால்காஸைக் கூப்பிட்டாள். அவன் கையில் மண்ணோடு தோட்டத்திலிருந்து வந்தான். கேட்டதும் இடுப்புப் பக்கம் கையை வைத்து, "எலேனெ இவ்வளவு" என்றான். கொஞ்சம் கீழே இறக்கி, "தாதூலி இவ்வளவு" என்றான். அப்படியே நின்றான். அவர்களைப் பார்த்துப் பத்து மாசமாகிறது. கையை மெதுவாக மேலே ஏற்றினான். இன்னும் கொஞ்சம் ஏற்றினான். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் லுசெட்டைப் பார்த்தான்.

"கூட்டியே போடு ப்ரோஸ்பேர்" என்றாள் அவள். "இவன் புள்ளைங்கதானே. வளரும்."